பாரோவா, லெண்டா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆங்கிலத்தில் உங்களைக் குழப்பும் சொற்களை எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்ததும் ஒன்று புரிந்தது. யாரும் அகராதியைத் தேட வைக்கும் பெரிய சொற்களில் தடுமாறவில்லை, தினமும் வாயில் வரும் சின்னச் சொற்களில்தான் தடுமாறுகிறார்கள். காரணமும் பாதிக்கு மேல் ஒன்றேதான்: தமிழில் ஒரு சொல் தனியாகச் செய்யும் வேலையை ஆங்கிலம் இரண்டு மூன்று சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. எந்த இடத்தில் பிரிகிறது என்று காட்டத் தமிழே போதும் என்பது என் நம்பிக்கை. அதனால் முடிந்தவரை தமிழை வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியிடம் ‘கேன் யூ பாரோ மீ யுவர் பென்’ என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. என்ன தப்பு என்று யாரும் சொல்லவில்லை.
– கல்லூரி முதலாண்டு மாணவி, திண்டுக்கல்

சிரித்தவர்களில் பாதிப் பேருக்கும் காரணம் தெரிந்திருக்காது, அதை விடுங்கள் அம்மா. ‘கடன்’ என்ற சொல்லுக்குத் திசை கிடையாது, ‘இரவல்’ என்ற சொல்லுக்கும் கிடையாது. பக்கத்தில் வாங்கு, கொடு என்று ஒரு வினை வந்த பிறகுதான் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று தெரியும். ஆங்கிலத்தில் அந்தத் திசை சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பாரோ என்றால் இரவல் வாங்கு, லெண்ட் என்றால் இரவல் கொடு. ஆக நீங்கள் கேட்டது, ‘உன் பேனாவை எனக்கு இரவல் வாங்குவாயா’ என்பது போல ஆகிவிட்டது. ‘கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்’ என்று கேட்டிருக்கலாம், இல்லாவிட்டால் ‘கேன் ஐ பாரோ யுவர் பென்’ என்று கேட்டிருக்கலாம். கொடுப்பது அவள், வாங்குவது நீங்கள், அவ்வளவுதான். வங்கியில் கடன் பத்திரத்தில் நாம் கையெழுத்துப் போடும் இடத்தில் ‘பாரோயர்’ என்று அச்சடித்திருக்கும், அதை ஒரு முறை கண்ணால் பார்த்தவர்களுக்கு இது மறப்பதில்லை.

இதற்கு நேர் தலைகீழாகவும் ஒன்று உண்டு. வீட்டை வாடகைக்கு விடுவதும் வாடகைக்கு எடுப்பதும் நமக்கு இரண்டு வேறு வேலைகள், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரென்ட்’ ஒன்றேதான். ‘ஐ ரென்டட் எ ஹவுஸ்’ என்று மொட்டையாகச் சொன்னால் குடிபோனவர் பேசுகிறார் என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்காரர் பேசுவதென்றால் ‘ரென்டட் அவுட்’ என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் குழப்பமே இல்லாத சொல் ‘லெட்’, வாடகைக்கு விடு. நம் ஊர் கேட்டுகளில் தொங்குகிறதே ‘டூலெட்’ போர்டு, அது ஒரே சொல் இல்லை. டு, லெட் என்று இரண்டு சொல்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய வடிவமைப்பைப் பார்த்துவிட்டு ‘ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் டிசைன்’ என்று மெயில் போட்டேன். ‘எதில் நம்பிக்கை இல்லை, சொல்லுங்கள்’ என்று கொஞ்சம் விறைப்பாகப் பதில் வந்தது. நான் ஒரு விளக்கம்தானே கேட்டேன்?
– மென்பொருள் ஊழியர், கோவை

சந்தேகம் என்ற சொல் இங்கே உங்கள் காலை வாரிவிட்டது. தமிழில் ‘சார், ஒரு சந்தேகம்’ என்று எழுந்து நின்றால் எனக்குப் புரியவில்லை, விளக்குங்கள் என்று பொருள். அதே சொல்லை வைத்து ‘அவன்மேல் எனக்குச் சந்தேகம்’ என்றும் சொல்கிறோம், அப்போது நம்பவில்லை என்று பொருள். ஆங்கிலத்தின் டவுட் இந்த இரண்டாவது சந்தேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ‘ஐ டவுட் இட்’ என்றால் ‘எனக்கு அப்படித் தோன்றவில்லை’ என்று மறுப்பது. நீங்கள் எழுதியதை அவர், ‘உங்கள் வடிவமைப்பு சரிப்படும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று படித்திருக்கிறார்.

நம் நாட்டு வகுப்பறைகளில் ‘டவுட் கேட்பது’ நன்றாக வேரூன்றிவிட்ட வழக்கு. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் பொருள் தெரிகிறது, அதைத் தப்பு என்று நான் அடிக்க மாட்டேன். கடல் கடந்து போகும் மெயிலில் மட்டும் ‘ஐ ஹேவ் எ கொஸ்சன்’ என்று எழுதுங்கள். புரியாத இடத்தைச் சொல்லி ‘குட் யூ கிளாரிஃபை திஸ்’ என்று எழுதினாலும் போதும், விறைப்பு வராது.

டிவி பார்த்தேன், படம் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். எல்லாமே பார்த்தேன்தான். சீ, லுக், வாட்ச் மூன்றில் எதை எங்கே போடுவது?
– தையல் கடை நடத்தும் வாசகி, விருதுநகர்

இந்த இதழுக்கு வந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. உங்கள் கடையையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறீர்கள், வாசலில் யாரோ போவது கண்ணில் படுகிறது, நீங்கள் முயற்சி எதுவும் செய்யவில்லை, அது சீ. யார் என்று தெரிந்துகொள்ளத் தலையைத் தூக்கி கண்ணைத் திருப்புகிறீர்கள், அது லுக், எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று சொல்ல ‘அட்’ கூடவே வரும். அவர் எதிர்க்கடையில் ஏறி, பேசி, ஏதோ வாங்கிக்கொண்டு இறங்கும்வரை விடாமல் கவனித்துக்கொண்டிருக்கிறீர்கள், அது வாட்ச். ‘ஐ லுக்ட் பட் ஐ டிடின்ட் சீ எனிதிங்’ என்று ஆங்கிலத்தில் தாராளமாகச் சொல்லலாம், பார்த்தேன் ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்று நாம் சொல்வோமே, அதே. டிவியில் படம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, அதைத் தொடர்ந்து கவனிக்கிறோம், அதனால் வாட்ச். தியேட்டரில் பார்த்த படத்துக்கு சீ, வாட்ச் இரண்டும் வழக்கில் உண்டு. ஒருவரைச் சந்தித்தேன் என்ற பொருளில் பார்த்தேன் என்றால் சீ. டாக்டரைப் பார்க்கப் போனாலும் சீதான்.

கண்ணுக்கு இப்படி என்றால் காதுக்கு இன்னும் கூத்து. ‘கேள்’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. இடி காதில் விழுந்தது, ஹியர். பாட்டைக் காது கொடுத்துக் கேட்டேன், லிசன், பின்னால் ‘டு’. வழி கேட்டேன், ஆஸ்க். ‘ஐ ஹேர்ட் யூ’ என்பதற்கும் ‘ஐ லிசன்ட் டு யூ’ என்பதற்கும் நடுவில் உள்ள தூரம், ‘நீ சொன்னது காதில் விழுந்தது’ என்பதற்கும் ‘நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்’ என்பதற்கும் நடுவில் உள்ள தூரம்தான். ‘அம்மா சொன்ன பேச்சைக் கேள்’ என்கிறோமே, ஆங்கிலத்திலும் அதற்கு லிசன்தான் வரும்.

கேள்வி என்ற சொல்லே நமக்கு இரண்டு பக்கமும் திறக்கும் கதவு. திருக்குறளில் 42ஆவது அதிகாரத்தின் பெயர் ‘கேள்வி’, அது வினா கேட்பது பற்றியது இல்லை, அறிந்தவர் சொல்லைக் காது கொடுத்துக் கேட்பது பற்றியது. இவ்வளவு அகலமான சொல்லோடு வளர்ந்தவர்கள் ஆங்கிலத்தில் கொஞ்சம் தடுமாறத்தான் செய்வார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேனா, நோட்டு விற்கும் கடை வைத்திருக்கிறேன். புதுப் போர்டில் ‘ஸ்டேஷனரி’ என்ற சொல்லின் கடைசியில் ‘ஏ-ஆர்-ஒய்’ என்று எழுதிவிட்டார்கள். தப்பு என்று ஒரு மாணவன் சொல்கிறான். மாற்ற வேண்டுமா?
– வியாபாரி, அறந்தாங்கி

மாற்றிவிடுங்கள், ஒரே ஒரு எழுத்துதான். எழுதுபொருளுக்கு ‘ஈ-ஆர்-ஒய்’. ‘ஏ’ போட்டால் நகராமல் நிற்கிற என்று பொருள். என்வலப் ஈ-யில் தொடங்குகிறது, என்வலப் விற்கும் கடைக்கும் ஈ, அப்படி ஞாபகம் வையுங்கள்.

ஆனால் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒரு செய்தி, இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுமந்து விற்றவர்கள் நடுவில், ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவரை ‘ஸ்டேஷனர்’ என்றார்கள். நிற்கிற கடைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் விற்ற பொருள் ‘ஸ்டேஷனரி’ ஆயிற்று. சைக்கிளில் வைத்து விற்காமல் கடை பிடித்து உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்தப் பெயர் உங்களுக்கு முழுக்கப் பொருந்தும்.

‘லூஸ்’ என்றால் தொளதொளப்பு. ‘லூஸ்’ என்றால் இழப்பது. இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே? ‘அட்வைஸ்’ கூட இரண்டு உண்டு என்கிறார்கள்.
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், கள்ளக்குறிச்சி

ஒரே மாதிரி இல்லை தம்பி, தமிழில் எழுதினால் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு ‘ஸ்’ உண்டு. ஒன்று பாம்பு சீறுவது போல, வெறும் காற்று. இன்னொன்று தேனீ ரீங்காரம் போல, தொண்டை அதிர வருவது. நம் எழுத்தில் இரண்டாவதற்கு இடமில்லை, அதனால் நாம் அதைச் சில இடத்தில் ஸ் ஆக்கிவிடுகிறோம், சில இடத்தில் ஜ ஆக்கிவிடுகிறோம், மிருகக்காட்சி சாலை ‘ஜூ’ ஆனதும் பூஜ்ஜியம் ‘ஜீரோ’ ஆனதும் அப்படித்தான்.

ஒரு காரியம் செய்யுங்கள். குரல்வளையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நீளமாக ஸ்ஸ்ஸ் என்று சீறுங்கள், விரலில் எதுவும் தெரியாது. நாக்கை அங்கேயே, மேலே ஒட்டாமல் வைத்துக்கொண்டு, கூடவே ம்ம்ம் என்று முனகுவது போலத் தொண்டையைத் திறந்துவிடுங்கள். விரலில் அதிர்வு தெரிகிறதா? அதுதான் ரீங்கார ஸ். நாக்கு மேலே ஒட்டிவிட்டால் ஜ ஆகிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் இதைச் செய்யச் சொன்னால் முதலில் வெட்கப்படுவார்கள், அப்புறம் அறை முழுக்கத் தேனீக் கூடு மாதிரி ஆகிவிடும், நாலைந்து நாளில் பழகிவிடும்.

இப்போது உங்கள் சொற்கள். தொளதொளச் சட்டைக்குச் சீறும் ஸ், எழுத்தில் இரண்டு ஓ. இழப்பதற்கு ரீங்கார ஸ், எழுத்தில் ஒரு ஓ. ஒரு ஓ-வை இழந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை, பரிசு என்று இரண்டு ‘பிரைஸ்’ இருக்கிறதே, அவற்றுக்கும் இதே வித்தியாசம்தான், விலை சீறும், பரிசு ரீங்காரமிடும். அரிசிக்கும் எழுவதற்கும்கூட இதேதான்! ‘த சன் ரைஸஸ்’ என்று சொல்லும்போது சீறினால் கேட்பவருக்குச் சோறு ஞாபகம் வரும். ஒரு சின்னச் சலுகை உண்டு, ரீங்காரம் சரியாக வராவிட்டாலும் அதற்கு முன்னால் வரும் உயிரொலியைக் கொஞ்சம் நீட்டினாலே பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். பரிசு நீளும், விலை வெட்டென்று முடியும்.

அட்வைஸுக்கு வருகிறேன். பெயர்ச்சொல் சீறும், வினைச்சொல் ரீங்காரமிடும். அறிவுரைக்கு எழுத்தில் சி, சீறல். அறிவுரை சொல் என்பதற்கு எழுத்தில் எஸ், ரீங்காரம். அட்வைஸ் மட்டும் இப்படி இல்லை, ‘யூஸ்’ என்ற சொல்லைப் பாருங்கள், எழுத்து ஒன்றேதான், பயன் என்று பெயராக வந்தால் சீறும், பயன்படுத்து என்று வினையாக வந்தால் ரீங்காரம். ‘எக்ஸ்கியூஸ்’ அப்படியே. வீட்டைக் குறிக்கும் ‘ஹவுஸ்’ சீறும், இடம் கொடுத்துத் தங்கவை என்று வினையானால் ரீங்காரமிடும். ஒரு விதியைப் பிடித்தால் ஒரு குடும்பமே கையில் வருகிறது.

‘பிராக்டிஸ்’ இதில் சேராது. பிரிட்டிஷ் முறையில் பெயருக்கு சி, வினைக்கு எஸ், ஆனால் ஒலி இரண்டிலும் சீறல்தான். அமெரிக்கர்கள் இரண்டுக்குமே சி போடுகிறார்கள். ‘லைசென்ஸ்’ என்றால் அவர்களே இரண்டுக்கும் எஸ். தேர்வில் எந்த முறையோ அதையே கடைசிவரை எழுதுங்கள். இன்னொன்று, அறிவுரைக்குப் பன்மை கிடையாது, ‘அட்வைஸஸ்’ என்று பெயராக எழுதினால் மதிப்பெண் போகும்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், குழப்பும் சொற்கள் ஐம்பது ஜோடி என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறாள். முன்பு சரியாக எழுதியதையும் இப்போது மாற்றி எழுதுகிறாள். கவலையாக இருக்கிறது.
– ஒரு தாய், செங்கல்பட்டு

உங்கள் மகளிடம் குறை இல்லை அம்மா, அந்தப் பட்டியலில்தான் குறை. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் பல ஆண்டுகள் நானும் இதே பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகள் அதற்கு அப்புறம் அதிகமாகத் தப்புச் செய்வதைப் பார்த்து நொந்திருக்கிறேன். தெரியாத இரண்டு சொற்களை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்றால் அவை மனசில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தேர்வில் ஒன்றைத் தேடும்போது இரண்டும் சேர்ந்து வந்து நிற்கும், எது எது என்று தெரியாது.

தமிழை நாம் எப்படிக் கற்றோம்? வாழை, வாளை என்று ஜோடியாகவா? வாழைப்பழத்தைத் தின்று, வாழை இலையில் சாப்பிட்டு வளர்ந்தோம், வாளையை என்றைக்கோ மீன் கடையில் பார்த்தோம். பள்ளியில் ஒலி வேறுபாட்டுப் பாடம் அதற்கு அப்புறம்தான் வந்தது. மல்லிகையின் மணத்தை மூக்கில் இழுத்த பிறகுதான் மனம் வேறு மணம் வேறு என்று எழுத்தில் பிரித்தோம். ஆங்கிலத்திலும் அதே வரிசைதான் வேலை செய்யும்.

பட்டியலை ஒரு மாதம் உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு சொல்லை மட்டும் எடுத்து, அவளுடைய சொந்த வாழ்க்கையிலிருந்து நாலு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். ‘பிரின்ஸிபல்’ என்றால் அவள் பள்ளியின் தலைமை ஆசிரியர், கடைசியில் பி-ஏ-எல், அவ்வளவு போதும். கொள்கை என்ற பொருள் தரும் இன்னொரு பிரின்ஸிபிள் இருக்கிறது என்பதையே சொல்லாதீர்கள். முதல் சொல் யோசிக்காமல் கைக்கு வரும்போது, மூன்று நாலு வாரம் கழித்து, அது ஏதாவது பாடத்தில் எதிர்ப்படும்போது இரண்டாவதைச் சொல்லுங்கள்.

ரைஸ், ரெய்ஸ். லை, லே. எத்தனை முறை படித்தாலும் மாறிப்போகிறது.
– தனியார் பள்ளி ஆசிரியை, நாமக்கல்

நீங்கள் ஆசிரியை, அதனால் இலக்கணச் சொல்லையே சொல்கிறேன்: தன்வினை, பிறவினை. ஆடு–ஆட்டு, உருள்–உருட்டு, திரும்பு–திருப்பு என்று நம்மிடம் ஜோடி ஜோடியாக இருக்கிறதே, அதே ஏற்பாட்டின் மிச்சம் ஆங்கிலத்திலும் சில சொற்களில் நிற்கிறது. ரைஸ் என்றால் எழு, ரெய்ஸ் என்றால் எழுப்பு. சூரியன் தானாக எழுகிறது, கையை நாம் உயர்த்துகிறோம். ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் வீழ்த்து, மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு அந்தச் சொல். ‘எதை’ என்று கேட்டுப் பாருங்கள், பதில் வந்தால் பிறவினை. சம்பள உயர்வை மட்டும் பிரிட்டனில் ரைஸ் என்றும் அமெரிக்காவில் ரெய்ஸ் என்றும் சொல்கிறார்கள், அதில் சண்டை வேண்டாம்.

லை என்றால் கிட, லே என்றால் கிடத்து, வை. இதில் தடுமாற உண்மையான காரணம் உண்டு. லை என்பதன் இறந்தகாலம் ‘லே’! நேற்று படுத்துக் கிடந்தேன் என்றால் ‘ஐ லே’, புத்தகத்தை மேசைமேல் வைத்தேன் என்றால் ‘ஐ லெய்ட்’. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இங்கே ஏராளமாகச் சறுக்குகிறார்கள், உங்கள் பிள்ளைகள் சறுக்கினால் கடிந்துகொள்ளாதீர்கள். கோழி முட்டை இடுவதற்கு லே என்பதை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், எதை இடுகிறது, முட்டையை, ஆக பிறவினை.

‘ரிமெம்பர்’, ‘ரிமைண்ட்’ என்று கேட்டிருந்த ஓசூர் வாசகருக்கும் இதே பதில். ஞாபகம் வை, ஞாபகப்படுத்து. ‘நாளைக்கு ரிமெம்பர் மீ’ என்று மேலாளரிடம் சொன்னால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஆகிவிடும்.

‘ஐ வில் ஃபினிஷ் விதின் ஃப்ரைடே’ என்று எழுதினேன், மேலாளர் திருத்தினார். ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று எழுதினேன், அதையும் திருத்தினார்.
– கணக்கர், ஈரோடு

திருத்தியது சரிதான். நேரத்தில் இரண்டு வகை உண்டு என்று வையுங்கள், ஆணி ஒன்று, கயிறு ஒன்று. வெள்ளிக்கிழமை, காலை 10 மணி, 2019, இதெல்லாம் ஆணி, காலத்தில் ஒரே இடத்தில் அடித்தது. இரண்டு நாள், மூன்று மணி நேரம், ஐந்து வருடம், இதெல்லாம் கயிறு, நீளம் உண்டு. தமிழின் ‘க்குள்’ ஆணிக்கும் ஒட்டும் கயிற்றுக்கும் ஒட்டும்: வெள்ளிக்கிழமைக்குள், இரண்டு நாளைக்குள். ஆங்கிலம் பிரிக்கிறது. ஆணிக்கு ‘பை’, கயிற்றுக்கு ‘விதின்’. ‘பை ஃப்ரைடே’, ‘விதின் டூ டேஸ்’. சின்ஸ் எப்போதும் ஆணியைக் கேட்கும், ‘சின்ஸ் 2019’. கயிறு வந்தால் ‘ஃபார்’, ‘ஃபார் டூ இயர்ஸ்’. இதே கணக்கில் ‘டில்’ என்பதும் ஆணிக்குத்தான், ஆனால் அது ‘வரை’. ‘டில் ஃப்ரைடே’ வேலை செய்வேன் என்றால் வெள்ளிவரை இழுத்துக்கொண்டே இருப்பேன் என்று பொருள், முடித்துத் தருவேன் என்று இல்லை. மேலாளருக்கு எழுதும்போது இந்த ஒன்றில் கவனமாக இருங்கள்.

டேங்கர் லாரியின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கிறது. ‘இன்’ என்றால் இல்லை என்றுதானே பொருள்? தீப்பிடிக்காது என்றா எழுதி வைத்திருக்கிறார்கள்?
– ஓட்டுநர், தூத்துக்குடி

ஐயா, இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. தீப்பிடிக்கும், அதுவும் சட்டென்று பிடிக்கும். ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுக்கும் பொருள் ஒன்றே. எரியாத பொருள் என்றால் ‘நான்-ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கும்.

இங்கே வரும் ‘இன்’ மறுப்பு இல்லை, தீ மூட்டு என்ற லத்தீன் வினையின் முன்னொட்டு அது. ‘அநியாயம்’ என்பதில் முன்னால் நிற்பது மறுப்பு, அதற்காக ‘அமைதி’யில் வரும் அகரத்தையும் மறுப்பு என்போமா? நீங்கள் நினைத்த மாதிரியே பலரும் நினைத்துவிடும் ஆபத்து உண்டு என்பதால்தான் 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், இன்ஃப்ளேமபிள் வேண்டாம், ஃப்ளேமபிள் என்றே எழுதுங்கள் என்று வலியுறுத்தியது. நம் ஊர் லாரிகளில் பழைய சொல் இன்னும் ஓடுகிறது. எந்தச் சொல் இருந்தாலும் பின்னால் நின்று பீடி பற்ற வைக்கக் கூடாது என்று உங்கள் கிளீனரிடமும் சொல்லிவையுங்கள்.

‘இன்வேல்யுவபிள்’ என்ற சொல்லும் இப்படி ஏமாற்றும். அங்கே ‘இன்’ மறுப்புதான், ஆனாலும் மதிப்பில்லாதது என்று பொருள் இல்லை, மதிப்பிடவே முடியாதது. மதிப்பற்ற என்பதற்கும் விலைமதிப்பற்ற என்பதற்கும் தமிழில் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்.

‘இட்ஸ்’ என்பதில் மேலே கொம்பு (அபாஸ்ட்ரஃபி குறி) எப்போது போட வேண்டும்?
– பதினொன்றாம் வகுப்பு மாணவன், பட்டுக்கோட்டை

‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று பிரித்துப் படித்துப் பார், பொருந்தினால் கொம்பு போடு. ‘அதன்’ என்று பொருள் வந்தால் போடாதே. ‘ஹிஸ்’ஸில் கொம்பு இல்லை, ‘ஹெர்ஸ்’ஸில் இல்லை, இதிலும் இல்லை.

அதன் என்ற பொருளில் வரும் இந்தச் சொல் அவ்வளவு பழசு இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்காது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், உப்பு சாரமற்றுப்போனால் என்ற இடத்தில் உப்புக்கு ‘ஹிஸ்’ என்றுதான் போட்டிருக்கிறார்கள், ‘சால்ட் ஹேவ் லாஸ்ட் ஹிஸ் சேவர்’. உப்பின் சாரம் அன்றைக்கு ‘அவனுடைய’ சாரம். இட்ஸ் அதற்கு அப்புறம்தான் நன்றாக வேர்விட்டது, வந்த புதிதில் கொம்போடும் எழுதினார்கள், கொம்பில்லாமலும் எழுதினார்கள். நூற்றாண்டு கடந்துதான் ஒழுங்குபட்டது.

நிழலுக்கு ‘ஷேட்’ என்று எழுத வேண்டுமா, ‘ஷேடோ’ என்று எழுத வேண்டுமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மணப்பாறை

வெயிலுக்கு ஒதுங்குகிற நிழல் ஷேட். தரையில் விழுகிற உருவம் ஷேடோ. மத்தியானம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாய், அங்கே நீ இருப்பது ஷேட். எழுந்து வெயிலில் நடந்தால் காலடியில் கூடவே ஒன்று வருகிறதே, அது ஷேடோ. ஷேடில் நீ உட்காரலாம், ஷேடோவை மிதிக்கலாம்.

இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் கண்ணு. நம்மிடம் ‘மரம்’ என்ற சொல் வேற்றுமை உருபு சேரும்போது மரத்தை, மரத்தில் என்று ‘மரத்து’ ஆகிறது இல்லையா? அந்தக் காலத்து ஆங்கிலத்திலும் சொற்கள் இப்படி உருமாறும். தனியாக நின்ற வடிவத்திலிருந்து ஷேட் வந்தது, வேற்றுமை ஏற்ற வடிவத்திலிருந்து ஷேடோ வந்தது. மரம் என்றும் மரத்து என்றும் இரண்டு தனிச் சொல்லாகப் பிரிந்து, ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு போயிருந்தால் எப்படி இருக்கும், அப்படி.